ஹம்ப்பில் தட்டும் சத்தமும் ஓய்ந்துபோன அப்சார்பரும்

கேள்வி: என்னிடம் 2009இல் பதிவான டொயோட்டா கரோலா ஆல்டிஸ் 1.6 இருக்கிறது. 2019இல் சிஓஇயை, அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழை, பத்து ஆண்டுக்குப் புதுப்பித்தேன். 2029 வரை இதையே ஓட்ட எண்ணம். இதுவரை 192,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அப்சார்பரை யாரும் மாற்றியதாகத் தெரியவில்லை. சில மாதங்களாக வீட்டுப் பலமாடிக் கார்பார்க்கில் ஹம்ப் (வேகத்தடை மேடு) ஏறி இறங்கும்போது முன்பக்கம் இடதுபுறம் ‘டொக் டொக்’ என்று தட்டுகிறது. பிஐஇ விரைவுச்சாலையில் 80, 90 வேகத்தில் மேம்பால இணைப்புகளைத் தாண்டியதும் பின்பக்கம் இரண்டு மூன்று முறை மிதந்துவிட்டுத்தான் அடங்குகிறது. பின்னால் உட்காரும் அம்மாவுக்குத் தலைசுற்றல் வருகிறது. ஒரு வொர்க்‌ஷாப்பில் காட்டியதற்கு, நான்கு அப்சார்பரும் போய்விட்டது, 980 வெள்ளி ஆகும் என்றார்கள். நண்பர் ஒருவர் பானெட்டை அழுத்திப் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார். போன மாதம் வருடாந்தரப் பரிசோதனையிலும் கார் தேறிவிட்டது. யார் சொல்வதை எடுத்துக்கொள்வது? எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூரில் மாற்றலாமா? நானே மாற்ற முடியுமா?
ஈசூன் வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. முன்பக்கம் தட்டுவது ஒன்று, பின்பக்கம் மிதப்பது வேறொன்று. இரண்டையும் சேர்த்து ‘நான்கு அப்சார்பர்’ என்று ஒரே வரியில் பில் போட்டுவிட்டால், பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துவந்த அன்று மாலையே அதே ஹம்ப்பில் அதே சத்தம் கேட்க நிறைய வாய்ப்பு உண்டு. தேய்ந்த அப்சார்பர் பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை. அடக்க வேண்டிய ஆட்டத்தை அடக்காமல் விட்டுவிடும், அவ்வளவுதான். சத்தத்துக்குக் காரணம் பல நேரம் அதன் பக்கத்தில் இருக்கும் சின்ன உறுப்புகள்.

காரின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அப்சார்பர் பாரம் தாங்குவதில்லை. மேடு பள்ளத்தில் அழுந்திய ஸ்பிரிங் திரும்பத் திரும்பத் துள்ளாமல் இருக்க, உள்ளே இருக்கும் எண்ணெயைச் சின்ன வால்வுகள் வழியாகத் தள்ளி, அந்தத் துள்ளலை வெப்பமாக மாற்றிவிடுவதுதான் அதன் வேலை. ஆண்டுகள் ஓட ஓட எண்ணெய் தன் பிசுக்கை இழக்கும், வால்வுத் தகடுகள் தளரும், சீல் வழியாக எண்ணெயும் நைட்ரஜன் வாயுவும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். இது ஒரே நாளில் நடப்பதில்லை. அதனால் ஓட்டுபவரின் கையும் உடம்பும் அதற்குப் பழகிவிடும். பின்னிருக்கையில் இருப்பவர்தான் முதலில் உணர்வார். உங்கள் அம்மாவின் தலைசுற்றலை நான் முக்கியமான தகவலாகவே எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் யாராவது ‘பின்னால் உட்கார்ந்தால் ஒரு மாதிரி இருக்கிறது’ என்றால் அதைத் தள்ளிவிடாதீர்கள்.

இது பயணச் சுகத்தோடு நிற்பதும் இல்லை. சக்கரம் துள்ளும் ஒவ்வொரு தடவையும் டயர் சாலையை அழுத்தும் விசை குறைகிறது. கனமழையில், மேம்பால இணைப்பின் மேல், பிரேக்கை அழுத்தும் நேரத்தில் அந்தப் பிடி தேவை. பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்தாலும் சாலையோடு சரியாக ஒட்டாத டயரை அது நிறுத்திவிட முடியாது.

இனி நண்பர் செய்த அழுத்தும் சோதனை. மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் கார் ஒருமுறை எழுந்து நிலைக்கு வந்து நிற்க வேண்டும். இரண்டு மூன்று தடவை ஆடினால் அந்த அப்சார்பர் செத்துவிட்டது என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் ஆடாமல் நின்றுவிட்டது என்பதால் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. நம் கை அழுத்தும் வேகம் மிகக் குறைவு. விரைவுச்சாலையில் 90இல் ஓர் இணைப்பைத் தாண்டும்போது அப்சார்பரின் தண்டு நகரும் வேகம் அதைவிடப் பல மடங்கு. மெதுவான அசைவில் பழைய ரப்பர் புஷ்களின் இறுக்கமே காரைப் பிடித்து நிறுத்திவிடும். பரிசோதனையில் தேறியதும் அப்படித்தான். பத்து ஆண்டைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போகிறது. அங்கே பார்ப்பது அன்றைய நிலையில் சாலையில் ஓடத் தகுதி இருக்கிறதா என்பதை. அப்சார்பரில் எத்தனை பங்கு வலு மிச்சம் என்பதற்கு அந்தச் சான்று பதில் சொல்லாது.

வொர்க்‌ஷாப்புக்குத் திரும்பிப் போகுமுன் நீங்களே ஒரு மாலை நேரத்தில் பார்க்கக்கூடியவை இருக்கின்றன. முதலில் டயர் காற்று. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கே, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்புங்கள். 40 பிஎஸ்ஐ வரை அடித்துவிட்டுக் கார் குதிக்கிறது என்று அப்சார்பரைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது பின் டயர். உள்ளங்கையை டயரின் மேல் வைத்து, அதன் சுற்றளவைத் தொடர்ந்து மெதுவாகத் தடவுங்கள். ஒரு சாண் இடைவெளியில் மேடு, பள்ளம், மறுபடி மேடு என்று அலை அலையாகக் கைக்குத் தட்டுப்பட்டால், சக்கரம் சாலையில் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. தேய்ந்த அப்சார்பர் விட்டுச்செல்லும் தடம் இது. பாலன்ஸ் இல்லாத சக்கரமும் இப்படிச் செய்யும் என்பதால் அதையும் பார்த்துவிட வேண்டும். குறுக்கே, அதாவது டயரின் அகலவாக்கில் தடவும்போது ஒரு திசையில் வழவழப்பும் மறு திசையில் கூரும் தெரிந்தால் அது அலைன்மெண்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கோளாறு, அப்சார்பர் இல்லை. அலையாகத் தேய்ந்த டயர் வேகத்தில் ‘ம்ம்ம்’ என்று முனகும். பேரிங் போய்விட்டது என்று பலர் அதை மாற்றிவிடுகிறார்கள். புது அப்சார்பர் போட்டாலும் ஏற்கெனவே அலையான டயர் அந்த முனகலை விடாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கசிவு. டார்ச் அடித்து அப்சார்பர் உடலைப் பாருங்கள். சீலுக்குப் பக்கத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலமும் அதில் ஒட்டிய தூசியும் இருப்பது இயல்பு. தண்டு வெளியே வரும்போது சிறிதளவு எண்ணெயைக் கூடவே கொண்டுவரும். உடலின் பாதிக்குக் கீழே வரை ஈரமாக வழிந்திருந்தாலோ, கீழே சொட்டுத் தேங்கியிருந்தாலோ அது கசிவு. சந்தேகமாக இருந்தால் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். மறுபடி நனைந்திருந்தால் முடிவு தெரிந்துவிடும். முன்பக்கத்தில் ஒரு கவனம்: சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறை கிழிந்தால் கெட்டியான கரும் கிரீஸ் ஸ்ட்ரட் (முன்பக்கத்தில் ஸ்பிரிங்கோடு சேர்ந்திருக்கும் அப்சார்பர்) மேலும் ரிம்மின் உட்புறமும் தெறித்திருக்கும். அப்சார்பர் எண்ணெய் நீர்த்தது, கையில் வழுக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அகச்சிவப்பு வெப்பமானி கையில் இருந்தால் இன்னொன்றும் பார்க்கலாம். இருபது நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தியதும் ஒரே அச்சின் இடது, வலது அப்சார்பர் உடல்களின் வெப்பத்தை ஒப்பிடுங்கள். வேலை செய்வது வெதுவெதுப்பாக இருக்கும். ஒன்று மட்டும் காற்றின் வெப்பத்திலேயே கிடந்தால் அதற்குள் எண்ணெய் வால்வு வழியாகப் போகவில்லை. சைலன்சர் குழாய் பக்கத்தில் ஓடும் பக்கம் அதனாலேயே சூடாகும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்க உதவும்.

பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சமதரையில் சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாடா வைத்து இடமும் வலமும் அளந்தால் போதும். ஒரு பக்கம் தெளிவாகத் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங்கின் அடிச்சுற்று உடைந்திருக்கலாம், அல்லது ஸ்பிரிங் ஓய்ந்திருக்கலாம். தாழ்ந்த காரை அப்சார்பர் மாற்றி உயர்த்த முடியாது.

இனி அந்த ‘டொக் டொக்’. உங்கள் காரில், வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் நுனியை முன் ஸ்ட்ரட்டோடு இணைக்கும் சிறு தண்டு ஒன்று இரு பக்கமும் இருக்கிறது. அதை ஸ்டெபிலைசர் லிங்க் என்பார்கள். அதன் இரு முனையிலும் சிறிய பந்து மூட்டு. இந்த வயதில் மெதுவான வேகத்தில் தட்டும் காரைப் பார்த்தால் நான் முதலில் கை வைப்பது அங்கேதான். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஹம்ப்பின் மேல் இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் நேராக ஏறும்படி ஓட்டுங்கள். பிறகு ஒரு சக்கரம் மட்டும் ஏறும்படி சாய்வாக ஓட்டுங்கள். இரு சக்கரமும் சேர்ந்து எழும்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படுவதில்லை, லிங்க்குக்கு வேலை இல்லை. ஒன்று மட்டும் எழும்போதுதான் பார் முறுகி லிங்க்கை இழுக்கும். நேராக ஏறும்போது அமைதி, சாய்வாக ஏறும்போது தட்டல் என்றால் லிங்க்கோ பாரின் ரப்பர் புஷ்ஷோதான். வொர்க்‌ஷாப்பில் இரு லிங்க்கையும் கழற்றிவிட்டுப் பார் எதிலும் உரசாதபடி கட்டி, மெதுவாக ஒரு சுற்று ஓட்டச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் உறுதியாகிவிடும்.

இரண்டு விதமாக ஏறினாலும் தட்டுகிறது என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது அப்சார்பரின் தலையில் இருக்கும் மவுண்டிங். காரை நிறுத்திவைத்து ஒருவர் ஸ்டியரிங்கை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை திருப்பட்டும். நீங்கள் சக்கரத்துக்கு மேலே, ஸ்பிரிங் சுற்றின் மேல் விரலை லேசாக வையுங்கள், சுற்றுகளுக்கு நடுவே விடாதீர்கள். ஸ்பிரிங் வழுக்கிக்கொண்டு சீராகத் திரும்ப வேண்டும். சற்று நேரம் பிடித்துக்கொண்டு பிறகு ‘டங்’ என்று விடுபட்டால் மவுண்டிங் பேரிங் இறுகிவிட்டது. பிரேக் பிடிக்கும்போதோ ரிவர்ஸிலிருந்து முன்னே எடுக்கும்போதோ ஒரே ஒரு ‘டொம்’ கேட்டால், சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயிண்ட்டையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். அது தளர்ந்திருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் முதலில் அதை மாற்றுங்கள். அது கழன்றால் சக்கரமே சாய்ந்துவிடும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 16 ஆண்டும் 192,000 கி.மீ.யும் ஓடிய மூல அப்சார்பர்கள் என்றால் நான்குமே ஓய்ந்திருக்கும் என்று வொர்க்‌ஷாப் சொன்னதில் தவறில்லை. தட்டல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் விலை சொன்னதுதான் குறை. ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது வேண்டாம். ஒரே அச்சில் ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் அவசர பிரேக்கிலும் வளைவிலும் கார் ஒரு பக்கம் இழுக்கும். ஆனால் முன் ஜோடியையும் பின் ஜோடியையும் ஒரே நாளில் மாற்றியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பணம் நெருக்கடி என்றால் பின் ஜோடியை இப்போதே மாற்றிவிடுங்கள். மிதப்பும் தலைசுற்றலும் அங்கேதான், வேலையும் எளிது. முன்பக்கத்தில் லிங்க் சோதனை முடிந்த பிறகு மற்றதை முடிவு செய்யலாம். பணம் இருக்கிறது, 2029 வரை ஓட்டத்தான் போகிறேன் என்றால் நான்கையும் மாற்றுங்கள். ஸ்ட்ரட்டைக் கழற்ற எப்படியும் லிங்க்கைக் கழற்றியாக வேண்டும் என்பதால் புது லிங்க் போடத் தனிக் கூலி கேட்க இடமில்லை.

980 வெள்ளிக்குள் என்ன அடக்கம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முன்பக்கத்துக்கு இடது ஒன்று வலது ஒன்றாக இரண்டு ஸ்ட்ரட், இரண்டு மவுண்டிங், இரண்டு பேரிங், இரண்டு டஸ்ட் கவர், இரண்டு பம்ப் ஸ்டாப், நடுத்தண்டுக்குப் புதுப் பூட்டு நட்டுகள். பின்பக்கத்துக்கு இரண்டு அப்சார்பர், மேல் ரப்பர் மெத்தைகள், டஸ்ட் கவர், பம்ப் ஸ்டாப். கடைசியில் நான்கு சக்கர அலைன்மெண்ட். ‘அப்சார்பர் மட்டும்’ என்று மலிவாகச் சொல்பவர்கள் விட்டுவிடுவது இந்தச் சின்னச் சாமான்களைத்தான்.

அவற்றில் பம்ப் ஸ்டாப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அப்சார்பர் தண்டின் மேல் கோத்திருக்கும் நுரைத்துண்டு அது. பாலியூரித்தேன் நுரை நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் நாளடைவில் சிதைந்துபோகும். பழைய காரில் கழற்றும்போது ஈரம் பட்ட பிஸ்கட்டைப் போலக் கையில் உதிரும், சில கார்களில் இருந்த இடமே தெரியாது. அது இல்லாவிட்டால் அம்மா அப்பா பிள்ளைகள் எல்லாரும் ஏறி, பின்பெட்டியில் சாமானும் வைத்து ஒரு பெரிய ஹம்ப்பில் இறங்கும்போது அப்சார்பர் முழுதாக மடங்கி இரும்போடு இரும்பு மோதும். எவ்வளவு நல்ல புது அப்சார்பரும் அந்த அடியில் உள்ளே சேதமாகிவிடும். டஸ்ட் கவர் கிழிந்திருந்தால் மணல் பளபளப்பான தண்டில் ஒட்டி, ஒவ்வொரு அசைவிலும் சீலின் உதட்டை அறுக்கும். இரண்டும் விலை குறைந்த சாமான்கள். இவற்றைப் பழையதாகவே திருப்பி மாட்டுபவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

எந்த அப்சார்பர் என்றால், மூல உதிரிபாகமோ, கேஒய்பி, டோக்கிகோ, மன்ரோ போன்றவற்றின் சாதாரண மாற்றுவகையோ போதும். ஸ்போர்ட் என்று விற்கும் கடினவகை உங்கள் ஸ்பிரிங்குக்குப் பொருந்தாது, அம்மாவுக்கும் ஒத்துவராது. பெட்டியில் உள்ள பாக எண் உங்கள் சேசிஸ் எண்ணுக்குப் பொருந்துகிறதா என்று கடைக்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் லிங்க் மாட்டும் காது, பிரேக் ஹோஸ் தாங்கி இரண்டும் இடம் மாறியிருக்கலாம்.

வேலை நடக்கும்போது என்ன நடக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தால் நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம். இந்தத் தலைமுறை ஆல்டிஸில் முன் ஸ்ட்ரட்டின் மேல் நட்டுகளை எட்ட வைப்பர் கைகளையும் கண்ணாடிக்குக் கீழே உள்ள கவுல் மூடிகளையும் கழற்ற வேண்டும். கூலி கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். மூடியைத் திறந்ததும் உள்ளே தூங்குமூஞ்சி மரத்தின் சருகு குவியலாகக் கிடக்கும். திறந்த கையோடு அள்ளிப்போட்டு நீர் வடியும் துளைகளைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அடைத்திருந்தால் மழைநீர் காருக்குள் இறங்கும்.

பிறகு லிங்க் நட், பிரேக் ஹோஸ் தாங்கி, ஏபிஎஸ் வயர் கிளிப் கழற்றப்படும். ஸ்ட்ரட்டை, சக்கரம் மாட்டியிருக்கும் நக்கிளோடு பிணைக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளில் போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டைத்தான் சுழற்ற வேண்டும். போல்ட்டையே சுழற்றினால் அதன் பல்வரிகள் துளையை அரித்துவிடும். கழற்றுமுன் இருந்த நிலையைப் பெயிண்டால் கோடு போட்டு வைத்தால் கேம்பர் (சக்கரம் மேலே உள்ளே வெளியே சாயும் கோணம்) பெரிதாக மாறாது. ஸ்ட்ரட் வெளியே வந்ததும் நக்கிளைக் கம்பியால் கட்டி நிறுத்த வேண்டும். வெளிப்பக்கம் சாய்ந்து தொங்கவிட்டால் டிரைவ் ஷாஃப்டின் உள்மூட்டு பிரிந்துவரும், பிரேக் ஹோஸும் இழுபடும்.

ஸ்பிரிங்கை அழுத்துவது இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தான கட்டம். அழுத்தானைச் சுற்றுகளில் எதிரெதிராக மாட்டி, ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டுத் தளர்ந்து ஆடும் வரை அழுத்திய பிறகே நடு நட்டைத் தொட வேண்டும். அதற்கு முன் கழற்றினால் மவுண்டிங் துப்பாக்கிக் குண்டைப் போலப் பறக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே முன்பக்க வேலையை நீங்களே செய்ய வேண்டாம் என்கிறேன். சுவரில் பொருத்திய அழுத்தான் இருக்கும் வொர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

புது அப்சார்பர் பெட்டியில் படுத்தே கிடந்திருக்கும். இரட்டைக் குழாய் வகையில் வாயு எண்ணெய் அறைக்குள் ஏறியிருக்கும். மாட்டுமுன் நேராக நிறுத்தி முழுதாக அழுத்தி முழுதாக இழுக்க வேண்டும், நான்கைந்து தடவை, நடுவில் வெற்று அசைவு இல்லாமல் சீராகும் வரை. இதைச் செய்யாமல் மாட்டினால் முதல் சில நாள் ‘களக் களக்’ என்று சத்தம் வரும், சாமான் பழுது என்று திருப்பிக்கொடுக்கக் கிளம்புவார்கள். தண்டைக் குறட்டால் பிடிப்பதைக் கண்டால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பளபளப்பில் ஒரு கீறல் போதும், சில மாதத்தில் கசிவு. நடு நட்டைக் காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் கன்னால் இறுக்குவதும் கூடாது. தண்டு வேகமாகச் சுழன்று உள்ளே வால்வு நட்டைத் தளர்த்திவிடும். ஸ்பிரிங்கின் கீழ் நுனி, தட்டில் உள்ள படியில் உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். உட்காராமல் மாட்டிவிட்டால் முதல் ஹம்ப்பில் ‘டங்’ என்று அது தானே தன் இடத்துக்கு நகரும். இறுக்கும் அளவுகள் உற்பத்தியாளர் கையேட்டில் இருக்கின்றன. நடு நட்டுக்குச் சொல்லும் விசையைவிட நக்கிள் போல்ட்டுகளுக்கு மூன்று மடங்குக்கும் மேல் தேவை. கை உணர்வால் இரண்டையும் ஒரே மாதிரி இறுக்குபவரிடம், அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் எங்கே என்று கேட்கத் தயங்காதீர்கள்.

பின்பக்கம் எளிது. உங்கள் காரில் பின்னச்சு டார்ஷன் பீம், அதாவது இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உத்திரம். ஸ்பிரிங் தனி, அப்சார்பர் தனி. பின்பெட்டியின் பக்க அட்டையை விலக்கி மேல் நட், சக்கரத்துப் பக்கம் கீழ் போல்ட் ஒன்று. பீமுக்கு அடியில் ஜாக் வைத்துத் தாங்கிய பிறகே கழற்ற வேண்டும். இல்லையென்றால் பீம் கீழே விழுந்து ஸ்பிரிங் வெளியே வந்துவிடும், பிரேக் ஹோஸ் இழுபடும். ரப்பர் மெத்தை, வாஷர் எந்த வரிசையில், எந்த முகம் மேலே என்று கழற்றும்போதே கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

பெரும்பாலான வொர்க்‌ஷாப்புகளில் தவறுவது அடுத்த இடத்தில். பின் அப்சார்பரின் கீழ் போல்ட் ரப்பர் புஷ் வழியாகப் போகிறது. காரைத் தூக்கும் ஹாய்ஸ்டில் அது தொங்கும்போது சக்கரம் கீழே இறங்கியிருக்கும். அந்த நிலையில் போல்ட்டை இறுக்கினால், காரைத் தரையிறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே எப்போதும் இருக்கும். ஒவ்வொரு மேட்டிலும் மேலும் முறுகி, கொஞ்ச காலத்தில் கிழிந்து, புதுச் சத்தம் தொடங்கும். போல்ட்டை முதலில் கையளவு மட்டும் இறுக்கி, காரைத் தரையில் நிறுத்தியோ பீமை ஜாக்கால் ஓடும் உயரத்துக்குத் தூக்கியோ, அதன் பிறகு கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். லோயர் ஆர்ம் புஷ் மாற்றினாலும் இதே விதி. வேலை கொடுக்கும்போதே ‘பாரத்தோடு இறுக்குவீர்களா?’ என்று கேளுங்கள். தெரிந்தவர் உடனே தலையாட்டுவார்.

கழற்றிய பழைய அப்சார்பர்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நேராக நிறுத்தி அழுத்தினால் சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும், வாயு உள்ளது என்றால் கையை விட்டதும் தண்டு மெதுவாகத் தானே எழும். அழுத்தும்போது திடீரென்று ஓரிடத்தில் எதிர்ப்பே இல்லாமல் வழுக்கினால் எண்ணெய் குறைந்திருக்கிறது. விட்டதும் எழாமல் கிடந்தால் வாயு போய்விட்டது. இடதையும் வலதையும் ஒப்பிட்டால் இன்னும் தெளிவு. மாற்றியது தேவைதானா என்பது உங்கள் கைக்கே தெரிந்துவிடும்.

நீங்களே செய்வதென்றால், வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) கார்பார்க் அதற்கான இடம் இல்லை. சொந்த இடமும் நல்ல ஜாக் ஸ்டாண்டுகளும் டார்க் ரெஞ்சும் உள்ளவர் பின் ஜோடியை மட்டும் செய்யலாம். கீழ் போல்ட்டுக்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவைக்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது.

ஜொகூரில் கூலி குறையும், சந்தேகமில்லை. வேலையில் தரமும் பலரிடம் உண்டு. ஆனால் சத்தம் மறுபடி வந்தால் சிங்கப்பூர் கார் எல்லை தாண்டக் கட்டாயமான முக்கால் டேங்க் பெட்ரோலோடு மறுபடி ஜொகூர் பாலமான காஸ்வேயில் நிற்க வேண்டும். அதனால் கோளாறு எது என்று தீர்மானமான பிறகு, மாற்ற வேண்டிய சாமான் பட்டியலோடு போகிறவருக்குத்தான் அது சரிப்படும். ‘டொக் டொக்’ எங்கிருந்து என்று தெரியாத இப்போதைய நிலையில் உங்களுக்கு இங்கேயே, பழுதுபார்க்கும் கடைகள் நிறைந்த உபியிலோ சின் மிங்கிலோ, திரும்பிப் போய்க் காட்டக்கூடிய ஒருவர் நல்லது.

வேலை முடிந்த அன்றே அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டினாலே கேம்பரும் டோவும் (சக்கரம் முன்னே உள்ளே வெளியே திரும்பியிருக்கும் கோணம்) நகரும். பின் பீமில் சரிசெய்ய எதுவும் இல்லை, அளந்து பார்ப்பதோடு சரி. வண்டியை எடுக்கும்போது ஸ்டியரிங்கை இரு ஓரத்துக்கும் திருப்பச் சொல்லி, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் டயரிலோ ஸ்பிரிங்கிலோ உரசாமல் இருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். ஏபிஎஸ் வயர் கிளிப்பை மாட்ட மறப்பது அடிக்கடி நடக்கும். சில வாரத்தில் டயர் அதை அறுத்து டாஷ்போர்டில் விளக்கு எரியும். முதல் சில நாள் கார் முன்பைவிட இறுக்கமாகத் தெரியும், அது புது அப்சார்பரின் இயல்பு. ஒரு வாரம் ஓட்டிய பிறகும் மெதுவான ஹம்ப்பில் தட்டினால், வேறெதையும் பிரிக்குமுன் லிங்க் நட்டையும் மேல் மவுண்டிங்கின் மூன்று நட்டுகளையும் ஸ்பானர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.